தள்ளி நின்ன நம்பர்

ஜன்னல் சீட்டு வேணாம் சார், நீங்களே உக்காருங்க. எனக்கு இந்த ஓரம்தான் தோது. இங்கருந்து பாத்தா டிரைவர் கையும் காலும் தெரியும். பழக்கம் சார், வேற ஒண்ணுமில்ல. நானும் டிரைவர்தான். இதே டெப்போ, இதே கொடைக்கானல் ரூட்டு. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல சூசைமாணிக்கம்னு சொல்லிப் பாருங்க, டீக்கடைக்காரர்கூட என் வீட்டுக்கு வழி காட்டுவாரு. இன்னிக்கு லீவு. பாசஞ்சரா வர்றேன். இது இருக்கே, இதைவிடக் கொடுமை கிடையாது. அவன் பிரேக் போடறப்பல்லாம் என் கால் தரையைப் போட்டு அமுக்குது, பாருங்க.

ஓட்றது குழந்தைராஜ். குழந்தைன்னுதான் கூப்பிடுவோம். நானும் அவனும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவங்க. நல்ல கை அவனுக்கு. ஆனா இன்னிக்கு என்னமோ ரெண்டாம் கியர்லயே உருட்டிக்கிட்டு வர்றான். கழுத்தை வேற தடவுறான். பாத்தீங்களா, இப்பக்கூடத் தடவுனான். கழுத்தைத் தடவுறதுன்னா ஒரு கையை எடுக்கணும்ல? இன்னும் டம்டம் பாறையே வரல, அதுக்குள்ள என்னடா கழுத்துன்னு கேக்கணும்.

போன் அடிக்கட்டும் சார், விடுங்க. எம்பொண்ணுதான். எடுக்க மாட்டேன். எடுத்தா, "அப்பா, நீங்க வராதீங்க"ம்பா. நான் போறது அவளைப் பாக்க இல்ல, அவங்க காலேஜ் மேடத்தைப் பாக்க. பதினொரு மணிக்கு அவளுக்கு செமினாரு. அவ வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி நான் மேடம்கிட்ட ரெண்டு வார்த்தை பேசியாகணும். இல்லைன்னா நாப்பது டிரைவருக்கும் ஸ்டீயரிங் போச்சு. எனக்கும் சேத்துத்தான்.

அமலின்னு பேரு. மேல காலேஜ்ல எம்.எஸ்சி. படிக்கிறா, சமுதாய சுகாதாரம்னு ஒரு படிப்பு. கடைசி வருசம் ஒரு ஆராய்ச்சி பண்ணணுமாம். ஊர்ல எத்தனையோ விசயம் கிடக்கு, இவ எடுத்தது என்ன தெரியுமா? பஸ் ஓட்றவங்களுக்கு ரத்த அழுத்தம் எவ்ளோ இருக்குன்னு. "எங்கப்பாவோட டெப்போவுலயே எடுக்கறேன் மேடம்"னு பெருமையாச் சொல்லிட்டு வந்துட்டா. எனக்கும் பெருமைதான், இல்லைங்கல. சங்கத்துல நான்தான் கிளைச் செயலாளர். நாப்பது பேரை உக்கார வைக்கறது ஒரு வேலையான்னு சொல்லிட்டேன்.

ஆனா ஒருத்தனும் வரல சார். பிரஷரைப் பாக்குறாங்கன்ன உடனே ஆளாளுக்கு வயித்து வலி, கொழுந்தியா கல்யாணம். ஏன்னு கேளுங்க. பிரஷர் கூட இருக்குன்னு மேல தெரிஞ்சா வண்டியிலருந்து எறக்கிருவாங்க. லைட் டியூட்டி. ஆபீஸ்ல ஒரு மூலையில உக்கார வச்சு, பழைய டயரை எண்ணச் சொல்லுவாங்க. மனுசன் அப்படியே காய்ஞ்சு போவான். அமலி எல்லாரையும் கும்பிட்டு நின்னா. "மாமா, பேரு என்கிட்ட மட்டும்தான் இருக்கும், வெளிய நம்பர் மட்டுந்தான் போகும்"னா. அதுக்கு இந்தக் குழந்தை என்ன சொன்னான் தெரியுமா? "நம்மளை மாட்டி விடறதே நம்பர்தானம்மா"ன்னான்.

அதுவும் நெசந்தான். எங்க டெப்போவுல போர்டு போட்டு மாட்டுவாங்க, யாரு ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்னாங்கன்னு. அதுல மொத்தத்துக்கும் ஒரு சராசரி. மலை வண்டிக்காரனெல்லாம் சராசரிக்குக் கீழதான் நிப்பான். எங்களைத்தான் கூப்பிட்டு ஏசுவாங்க. நான் ஒரு நாள் மேனேஜர் ரூமுக்குள்ள போயிட்டேன். தேனி ரோட்டுல ஓடுறவனையும் இந்த ஏத்தத்துல மூச்சு முட்ட ஏறுறவனையும் ஒண்ணாக் கூட்டி வகுத்தா அது என்ன கணக்கு சார்னு கேட்டேன். ஒரு நம்பர் தள்ளி நிக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், மொதல்ல அதைக் கேளுங்க, அப்புறம் ஏசுங்கன்னேன். அன்னிலருந்து மலைக்குத் தனிப் போர்டு. என்னால வந்தது சார் அது.

வளைவுல ஹாரன் அடிக்கிறானா? அடிச்சான். சரி.

எங்க விட்டேன்? ஆளு வரல. பிள்ளை முகம் வாடிப் போச்சு. இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் கூட இருக்கற பயலுக. ரெண்டு பேருக்கும் கெடுதல் இல்லாம ஒரு வழி பண்ணணும்ல? பண்ணேன். அமலிக்கு டிரைவருங்களை எல்லாம் தெரியுங்கறதால அவ அளக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. தெரிஞ்சவங்களை அளந்தா மனசு சாயுமாம். அதனால அவ கூடப் படிக்கற பிள்ளைங்கதான் வந்து அளந்தாங்க, மூணு நாளா, ஒவ்வொரு ஷிப்டுக்கும் வேற வேற பிள்ளை. அமலி ஆபீஸ்ல உக்காந்து, நம்பர் எழுதின சீட்டை மட்டும் வாங்கி வச்சுக்குவா. சீட்டுல பேரு, வயசு, எத்தனை வருசம் சர்வீஸ். அளக்கற பிள்ளைக்கு இவங்க யாருன்னே தெரியாது. சீட்டு யார் கையில இருக்கோ அவன்தான் அந்த ஆளு.

எங்க மெக்கானிக் பயலுக இருக்காங்க. தீபன்னு ஒருத்தன், கபடி ஆடுறவன், கையைப் பாத்தா உலக்கை மாதிரி இருக்கும். அவனும் அவன் கூட்டாளிங்க அஞ்சாறு பேரும். டிரைவர் சட்டையை மாட்டிக்கிட்டு மாத்தி மாத்திப் போய் உக்காந்தாங்க. ஒரு பிள்ளை கேட்டிருக்கு, "அங்கிள், உங்களுக்கு அம்பத்தி மூணு வயசா? பாத்தா தெரியவே இல்லையே?"ன்னு. தீபன் சொல்லிருக்கான், "எல்லாம் மலைக் காத்தும்மா." சிரிச்சு சிரிச்சு எங்களுக்கு வயிறு புண்ணாப் போச்சு.

நான் மட்டும் நானே போய் உக்காந்தேன். எனக்கு என்ன கேடு? ஒரு காய்ச்சல் தலைவலின்னு நான் படுத்ததில்ல. அதுவும் பெத்த பொண்ணு ஆராய்ச்சி. அவளை ஏமாத்தலாமா?

மேல் நம்பர், கீழ் நம்பர்னு ரெண்டு சொல்லுவாங்கல்ல, அவ கணக்கெல்லாம் மேல் நம்பரை வச்சுத்தான். எனக்கு நூத்தித் தொண்ணூத்தி நாலு வந்துச்சு. அந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப அமுக்கிப் பாத்துச்சு. நான் அப்பத்தான் டிரிப் முடிச்சு எறங்கியிருக்கேன், டைம் கீப்பர்கூட ஒரு சண்டை வேற, டீ வேற குடிச்சிருக்கேன். ஏறாம என்ன செய்யும்?

லீவுக்கு வீட்டுக்கு வந்தப்ப அமலி கணக்கைப் பரத்திக்கிட்டு உக்காந்தா. கம்ப்யூட்டர்ல போடறதுக்கு முன்னாடி கண்ணால பாக்கணும்பா. எங்க வீட்ல லூர்து, என் வீட்டுக்காரம்மா, புளியில கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தா. அந்தக் கொட்டையை அள்ளிட்டு வந்து அமலி தரையில சாக்பீஸால ஒரு நீளக் கோடு போட்டு, நூறு, நூத்திப் பத்து, நூத்தி இருவதுன்னு எழுதினா. ஒரு ஆளுக்கு ஒரு கொட்டை. யாரு நம்பர் எங்க வருதோ அங்க ஒரு கொட்டை, அதே நம்பர் திரும்ப வந்தா அதுக்கு மேல இன்னொண்ணு. பல்லாங்குழி ஆடற மாதிரி நானும் கூட உக்காந்துட்டேன். நூத்திப் பதினெட்டு பக்கத்துல அப்படியே குமிஞ்சு போச்சு. ஒரே ஒரு கொட்டை மட்டும் டிவி ஸ்டாண்டுக்கு அடியில போய் நின்னுச்சு. அது நான்.

எல்லாத்தையும் கூட்டி நாப்பதால வகுத்தா சராசரி நூத்தி இருவதும் சொச்சமும். என்னை எடுத்துட்டு வகுத்தா நூத்திப் பதினெட்டரை. ஒத்த ஆளா நின்னு மொத்த டெப்போவையும் ரெண்டு புள்ளி ஏத்தி விட்டிருக்கேன் சார்! "மீடியன்னு ஒண்ணு இருக்குப்பா"ன்னா. எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு நட்ட நடுவுல நிக்கறவனைப் பாக்கறதாம். அந்த ஆளு நான் வந்தாலும் அசையல, போனாலும் அசையல. அவனை எனக்குப் பிடிக்கல.

அப்புறம் எஸ்.டி.ன்னு ஒண்ணு. சராசரியிலருந்து ஆளாளுக்கு எவ்ளோ தள்ளி நிக்கறாங்கன்னு பாக்கறது. அங்கதான் பிடிச்சா சார். கொட்டைக் குமியலை விரலால காட்டினா. "அப்பா, மனுசங்க இப்படிக் குமிஞ்சு நிக்க மாட்டாங்களே"ன்னா. முப்பது வயசுக்காரன், அம்பத்தஞ்சு வயசுக்காரன், குண்டா இருக்கறவன், ஒல்லியா இருக்கறவன், அத்தனை பேரும் எப்படிப்பா ஒரே இடத்துல நிப்பாங்க? நெசமான கணக்கு சிதறித்தான் கிடக்கும்னா. "எல்லாரும் ஒரே டெப்போத் தண்ணிதானம்மா குடிக்கறோம்"னு சொல்லி வச்சேன்.

தண்ணின்ன உடனே ஞாபகம் வருது, உங்ககிட்ட தண்ணி இருக்கா சார்? குடுங்க. எனக்கில்ல, குழந்தைக்குக் குடுக்கலாம்னு. வேர்க்குது பாருங்க அவனுக்கு. இந்தக் குளிர்ல வேர்க்குமா? வேணாம், வளைவு முடியட்டும். ஓட்றவன்கிட்ட பேசக் கூடாது.

மேடம் என்ன சொன்னாங்களாம், அந்தத் தள்ளி நிக்கற ஒண்ணு அளந்ததுல வந்த தப்பா இருக்கலாம், திரும்ப அளந்து பாரு, தப்புன்னா எடுத்துரு, தப்பு இல்லைன்னா எடுக்கக் கூடாதுன்னு. நல்ல அம்மா. நியாயமாத்தான் சொல்லிருக்காங்க. ஆனா எம்பொண்ணு படுத்தின பாடு இருக்கே. காலையில எந்திரிச்ச உடனே, காபிகூடக் குடிக்க விடாம, கையை நீட்டுங்கப்பா. சாயங்காலம் ஜெபம் முடிஞ்சு உக்காந்தா கையை நீட்டுங்கப்பா. நூத்தித் தொண்ணூறு, நூத்தித் தொண்ணூத்தி ஆறு, நூத்தி எம்பத்தெட்டு. மெஷின் கெட்டுப் போச்சுன்னேன். அதே மெஷின்ல அவங்கம்மாவை அளந்தா. நூத்தி இருவத்தி ரெண்டு. அவளுக்கு மட்டும் எப்படி நல்லா ஓடுதுன்னு மெஷின்மேல எனக்குக் கோவம்.

அழுதா சார். "தள்ளி நிக்கற நம்பருக்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கேளுங்கன்னு மேனேஜர்கிட்ட சொன்னது நீங்கதானப்பா"ன்னு அழுதா. அது டீசலும்மா, இது நான்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போய் மாத்திரை வாங்கிக் குடுத்தா. நான் போடல. அதைப் போட்டா தலை கிறுகிறுன்னு வரும்னு சொல்றாங்க, அதோட எப்படி சார் ஸ்டீயரிங் பிடிக்கறது? எனக்கு இதை விட்டா வேற எதுவும் தெரியாது. இந்த மலையில எந்தக் கல்லு எங்க உருண்டு கிடக்கும்னு எனக்குத் தெரியும். கீழ எறக்கிட்டா நான் யாரு? சொல்லுங்க. சும்மா ஒரு சட்டை, அவ்ளோதான்.

அதுக்கு நடுவுல சந்தியாகு விழுந்துட்டான். எங்க டெப்போதான் அவனும். குளிக்கப் போனவன் அப்படியே சாஞ்சுட்டான். இடது பக்கம் விளங்கல, வாய் கோணிப் போச்சு. வண்டியில இருக்கறப்ப வராம வீட்டுல வந்துச்சே, ஆண்டவர் கிருபை. அமலியும் கூட வந்தா பாக்க. கட்டில் பக்கத்துல நின்னா. வெளிய வந்து மெதுவாக் கேட்டா, "சந்தியாகு மாமாவோட நம்பர் நூத்திப் பதினாறுப்பா. டாக்டர் சொல்றாரு, வருசக் கணக்கா பிரஷர் இருந்திருக்கும்னு. எப்படிப்பா?"

நான் சொல்லிட்டேன். அவ கண்ணைப் பாத்துட்டுச் சொல்லாம இருக்க முடியல. கத்துவான்னு நெனச்சேன். கத்தல. "எத்தனை பேரு?"ன்னா. என்னைத் தவிர எல்லாரும்னேன். அப்ப ஒண்ணு சொன்னா சார். "தப்பா இருக்கலாம்னு சொன்ன ஒண்ணுதான் நெசம்."

விட்டுத் தொலைக்கலாம்ல? தீபன் கூட்டத்தோட கையைத்தான் முப்பத்தொம்பது டிரைவரா எழுதிருக்கேன்னு இன்னிக்குச் செமினார்ல எந்திரிச்சுச் சொல்லப் போறாளாம். எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடியும் மொதல்லருந்து அளக்கணுமாம். படிப்பு அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போகும், போகட்டும்ங்கறா. ஆள் மாத்தி உக்காந்தாங்கன்னு பேச்சு வெளிய வந்தா எங்களைச் சும்மா விடுவாங்களா? நாப்பது குடும்பம் சார்.

அதான் போறேன். என்ன சொல்றதுன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். மேடம், அந்த நூத்தித் தொண்ணூத்தி நாலு நான்தான், அன்னிக்கு நான் மருந்து ஒண்ணு சாப்பிட்டிருந்தேன், சண்டை போட்டுட்டு ஓடி வந்து உக்காந்தேன், அது தப்பான நம்பர், அடிச்சுருங்க. மத்தது முப்பத்தொம்பதும் சரி. அவ்ளோதான். என் கொட்டையைத் தூக்கி எறிஞ்சுட்டா எல்லாம் அழகா நிக்கும். பிள்ளையும் பாஸாயிரும். நான் ஓட்டுவேன், அவன் ஓட்டுவான், எல்லாரும் ஓட்டுவோம். யாருக்கு என்ன நஷ்டம்?

என்ன சார், ஏதோ கேக்க வர்றீங்க?

கேளுங்க. ம்? குழந்தையோட நம்பரா? அது நூத்திப் பதினெட்டு. நான்தான் கொட்டையை வச்சேன், நல்லா ஞாபகம் இருக்கு. அவனுக்கு ஒண்ணும் இல்ல. பாத்தாலே தெரியுதுல்ல.

பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஆமா சார், ஏறினதுலருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பழக்கம்னு சொன்னேன்ல.

பழக்கம் இல்ல.

நூத்திப் பதினெட்டு தீபனோட நம்பர் சார். குழந்தை நம்பர் எனக்குத் தெரியாது. எம்பொண்ணுக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது. கழுத்து வலிக்குதுன்னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டு இருக்கான், சந்தியாகுவும் கழுத்துன்னுதான் சொன்னான். எனக்கு பயமா இருக்கு சார். வண்டியில எத்தனை பேரு இருக்காங்க பாருங்க. அந்தப் பச்சைச் சேலை அம்மா மடியில கைக்குழந்தை இருக்கு. சந்தியாகு விழுந்ததுலருந்து நானே ஒவ்வொரு வளைவுலயும் கையைப் பாத்துக்கிட்டுத்தான் ஓட்றேன், இடது கை இருக்கான்னு. யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன்.

இருங்க சார், எந்திரிக்கறேன். அந்தத் தண்ணியைக் குடுங்க. பையைப் பாத்துக்கங்க.

குழந்தை! டேய் குழந்தை! இந்த வளைவு தாண்டி அகலமா இருக்குல்ல, அங்க ஓரங்கட்டு. ஒண்ணும் ஆகல. ஓரங்கட்டுடா, சொல்றேன். சிரிக்காத. ஹேண்ட் பிரேக் போடு. முதல் கியர்ல போட்டு நிறுத்து. ம். எறங்கு, அந்தக் கல்லு மேல உக்காரு, இந்தா தண்ணி. எனக்காக உக்காருடா.

யாரும்மா சத்தம் போடறது? டைம் ஆகுதுன்னா ஆகட்டும். எனக்குந்தான் ஆகுது, பதினொரு மணிக்கு நான் அங்க இருக்கணும். இருக்க மாட்டேன், போ. எம்பொண்ணே சொல்லிக்கட்டும்.

என்ன கண்டக்டர் தம்பி? நானா? நான் ஓட்டக் கூடாதுப்பா. என் நம்பர் நூத்தித் தொண்ணூத்தி நாலு. டெப்போவுக்குப் போன் போட்டு வேற ஆளை அனுப்பச் சொல்லு.